டவுன்ஷிப் நிலத்துல ஆமிஷ் சந்தை: விடலாமா வேணாமா?

மேப்பிள்மரத்தடி:

எல்லாருக்கும் வணக்கம். சென்ட்ரல் நியூ ஜெர்சியில இருக்கேன், ஊர் பேரு வேணாம், ஏற்கெனவே இங்க ஆளாளுக்கு அடிச்சுக்கிறாங்க. எங்க டவுன்ஷிப்புக்கு (ஊர் நிர்வாகத்துக்கு) சொந்தமா பார்க்கை ஒட்டி ஒரு பழைய ஷெட்டும் பெரிய பார்க்கிங்கும் சும்மா கிடக்கு, முன்னாடி பனி தள்ற லாரியெல்லாம் நிறுத்தி வெச்சிருந்த இடம். அதை லீசுக்கு விட்டா பென்சில்வேனியா லான்காஸ்டர்லேர்ந்து ஆமிஷ் வியாபாரிங்க (காரு, கரண்ட்டெல்லாம் ஒதுக்கி பழைய முறையில வாழுற கிறிஸ்தவக் குழு) வந்து வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் சந்தை போடுவாங்கன்னு ஒரு யோசனை கவுன்சிலுக்கு வந்திருக்கு. இன்னும் மூணு வாரத்துல ஓட்டு.

போன மீட்டிங்குக்கு நானும் போயிருந்தேன், சும்மா கேட்டுட்டு வரலாம்னுதான் போனேன், ராத்திரி பதினோரு மணி ஆயிடுச்சு. ஒரு பக்கம் நல்ல சாப்பாடு வரும், கிடக்குற இடத்துக்கு வாடகை வரும்னு சொல்றாங்க. இன்னொரு பக்கம் மெயின் ரோட்டுல பேக்கரி வெச்சிருக்கிற அம்மா எழுந்து, நான் இருபது வருஷமா முழு வாடகை கட்டிட்டு இருக்கேன், எங்க வரிப்பணத்துல வாங்கின நிலத்தை எனக்குப் போட்டியா வர்றவங்களுக்கு சல்லிசா குடுப்பீங்களான்னு கேட்டாங்க. குரலே நடுங்குச்சு பாவம். அப்புறம் ஒருத்தர் மதக்குழுவுக்கு அரசாங்க நிலமான்னார், இன்னொருத்தர் அவங்க வரியே கட்டமாட்டாங்களேன்னார், கடைசில ஒருத்தர் "இவ்ளோ பேசுறோம், அவங்க ஒருத்தர் கூட வரலையே, அவ்ளோதான் மரியாதை"ன்னுட்டு உட்கார்ந்தார்.

எனக்கு அவங்க சிக்கனும் பிரெட்சலும் (முறுக்கி சுட்ட பிரெட்) ரொம்பப் பிடிக்கும், மறைக்கல. ஆனா பேக்கரி அம்மா கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. உங்க ஊர்ல இப்படி வந்திருக்கா? வந்தப்புறம் ஜனங்க என்ன சொன்னாங்க?

---

லான்காஸ்டர்_பக்கம்:

நான் லான்காஸ்டர் கவுன்ட்டியிலயே பதினொரு வருஷமா இருக்கேன், பக்கத்து மூணு வீடும் ஆமிஷ் பண்ணைதான், அதனால கொஞ்சம் சொல்லலாம்னு நினைக்கிறேன். (அவங்க வெளியாளுங்க எல்லாரையும் 'இங்கிலீஷ்'னுதான் சொல்வாங்க. என்னையும் அந்தக் கணக்குலதான் வெச்சிருக்காங்க, எங்க தாத்தா கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு.)

முதல்ல அந்த மரியாதை பேச்சு. அவங்க மீட்டிங்குக்கு வராதது திமிரு இல்லங்க. பெரும்பாலானவங்க ஓட்டே போடமாட்டாங்க, பதவிக்கு நிக்கமாட்டாங்க, கோர்ட்டுக்குப் போய் வழக்குப் போடுறதும் அவங்க வழக்கத்துல இல்ல. தன்னை முன்னாடி தள்ளிக்காம அடங்கி இருக்கணும்ங்கறது அவங்க வளர்ப்புலயே ஊறினது, அதுக்கு கெலாசன்ஹைட்னு தனி வார்த்தையே வெச்சிருக்காங்க. மேடையேறி எங்களுக்கு இடம் குடுங்கன்னு மைக்ல கேக்கிற ஆளுங்க அவங்க இல்ல. அதனால இந்த மாதிரி கூட்டத்துல அவங்களுக்காகப் பேசுறது யாருன்னு பார்த்தீங்கன்னா அனேகமா சந்தையை நடத்துற மேனேஜர் இல்லன்னா இடத்துக்காரர், அவர் ஆமிஷா இருக்கணும்னு அவசியம் கூட இல்ல. அவர் சொல்றது அவர் லாபக் கணக்கு, அதை ஆமிஷ் குரல்னு எடுத்துக்காதீங்க.

ஏன் உங்க ஊர் வரைக்கும் வர்றாங்கன்னா, இங்க நிலம் கிடைக்கல. வீட்டுக்கு ஆறு ஏழு பிள்ளைங்க, சுமார் இருபது வருஷத்துக்கு ஒரு தடவ ஜனத்தொகை ரெண்டு மடங்கு ஆகுது, இப்போ அமெரிக்கா முழுக்க கிட்டத்தட்ட 4 லட்சம் பேர். லான்காஸ்டர்ல ஒரு ஏக்கர் விலையைக் கேட்டா மயக்கமே வரும். எல்லா மகனுக்கும் பண்ணை வாங்கிக் குடுக்க முடியாது, அதனால தச்சு வேலை, ஷெட் கட்டுறது, சந்தை ஸ்டாண்டுன்னு போயிட்டாங்க. பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன் சுத்தி இருக்கிற புறநகர் சந்தையெல்லாம் இப்படி வந்ததுதான். விடியகாலை மூணு நாலு மணிக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும், ஓட்டுறது வெளியாள், ஏன்னா அவங்க காரை சொந்தமா வெச்சுக்கவோ ஓட்டவோ கூடாது, ஏறி உட்கார்ந்து போகலாம். கரண்ட்டும் அதே மாதிரிதான், வீட்டுல லைன் இழுக்கமாட்டாங்க, ஆனா வாடகைக்கு எடுத்த சந்தைக்கட்டடத்துல ஃபிரிட்ஜும் கார்டு மெஷினும் ஓடும். சொந்தமா வெச்சுக்கிறது வேற, உபயோகிக்கிறது வேறங்கறது அவங்க கணக்கு. வெளியிலேர்ந்து பார்த்தா இது நடிப்புன்னு தோணும். எனக்கும் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் தோணுச்சு.

பொது நிலத்துல நடக்குமான்னா, நடந்துக்கிட்டுதான் இருக்கு. லான்காஸ்டர் சென்ட்ரல் மார்க்கெட் கட்டடம் 1889ல கட்டினது, நகராட்சிக்கு சொந்தம், செவ்வாய், வெள்ளி, சனி திறக்கும். ஆனா ஒண்ணு கவனிங்க, அது ஆமிஷ் சந்தை இல்ல. அங்க ஆமிஷ் ஸ்டாண்டும் இருக்கு, பக்கத்துலயே வேற நாட்டு சாப்பாடு விக்கிற ஸ்டாண்டும் இருக்கு, ஊர் சந்தைக்குள்ள அவங்களும் ஒரு ஆள். உங்க ஊர்ல பேசுறது மொத்த இடத்தையும் ஒரே கையில குடுக்கிறது. ரெண்டும் ஒண்ணில்ல.

---

கணக்குப்பிள்ளை:

வரி விஷயத்துக்கு மட்டும் வர்றேன், என் தொழில் அது, ஒவ்வொரு வருஷமும் இதை யாராவது ஒருத்தர் கேட்டுடறாங்க.

ஆமிஷ் வரி கட்டமாட்டாங்கங்கறது தப்பு. வருமான வரி கட்டுறாங்க, சொத்து வரி கட்டுறாங்க, அந்தச் சொத்து வரியில அரசுப் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துக் கட்டிட்டு, தங்க பிள்ளைங்களுக்கு ஒத்தை ரூம் பள்ளிக்கூடத்தை தனியா தங்க காசுல நடத்துறாங்க. அவங்களுக்கு இருக்கிற விலக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) ரெண்டுக்கும்தான். வயசானவங்களையும் நோயாளியையும் சபைதான் பார்த்துக்கணும், இன்ஷூரன்ஸ் வேணாம்ங்கறது அவங்க நம்பிக்கை, அதனால 1965ல சொந்தத்தொழில் பண்றவங்களுக்கு விலக்கு வந்துச்சு. வரியும் கிடையாது, பிற்காலத்துல பணமும் கிடையாது, ஓசி ஒண்ணும் இல்ல.

அப்புறம் ஆள் வெச்சு வேலை வாங்கின ஒரு ஆமிஷ் தச்சர் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1982ல முதலாளிங்கற முறையில நீ கட்டித்தான் ஆகணும்னு தீர்ப்பு. அமெரிக்க நாடாளுமன்றம் (காங்கிரஸ்) 1988ல சட்டத்தை மாத்தி, முதலாளி தொழிலாளி ரெண்டு பேருமே ஆமிஷா இருந்தா விலக்குன்னு குடுத்தாங்க. ஆனா அந்த ஸ்டாண்டுல உங்க ஊர் காலேஜ் பொண்ணு ஒருத்தியை வேலைக்கு வெச்சா அவ சம்பளத்துல அந்த வரியைப் பிடிச்சு கட்டித்தான் ஆகணும். நியூ ஜெர்சியில சூடான சிக்கன் வித்தா 6.625 சதவீத சேல்ஸ் டாக்ஸும் வாங்கித்தான் ஆகணும், அது யாரு வித்தாலும்.

உங்க பேக்கரி அம்மாவோட கேள்வி இதுல எதுவுமே இல்ல பாருங்க. அவங்க கேக்கிறது வாடகையும் சொத்து வரியும். டவுன்ஷிப் நிலத்துக்கு சொத்து வரி இல்லதான், ஆனா அதையே தனியார் வியாபாரத்துக்கு லீசுக்கு விட்டா லீசுக்கு எடுத்தவங்க மேல வரி போட நியூ ஜெர்சியில சட்டம் இருக்கு. இந்த லீசுல அது எப்படி வருது, யாரு கட்டுறதுன்னு எழுதியிருக்கான்னு கேளுங்க. அந்த ஒரு விஷயம் தெரிஞ்சா பாதி சண்டை அடங்கிடும்.

---

சனிக்கிழமை_கோச்:

எல்லாரும் தேன் தடவி எழுதுறீங்க, நான் மாத்தித்தான் சொல்லப்போறேன், கோவிச்சுக்காதீங்க.

நான் முன்னாடி இருந்த வீட்டுக்குப் பின்னாடி ஒரு பிளாசாவுல இந்த மாதிரி சந்தை வந்துச்சு. அது தனியார் இடம்தான். ஆரம்பத்துல நானும் முதல் ஆளா லைன்ல நின்னேன். அப்புறம் என்னாச்சுன்னா வெளியில பெரிய பார்பெக்யூ குழி போட்டாங்க, வியாழக்கிழமை காலையில ஆரம்பிச்சா சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் புகை, துணி காயப்போட முடியாது, ஜன்னலைத் திறந்தா வீடு முழுக்க சிக்கன் வாசனை. முதல் மாசம் சொர்க்கமா இருந்துச்சு, ஆறாவது மாசம் எனக்கு சிக்கனே வெறுத்துப்போச்சு. யார்கிட்ட போய் சொல்றது? மேனேஜர் சிரிச்சுக்கிட்டே கேட்டுப்பாரு, ஒண்ணும் நடக்காது.

இதுல நீங்க சொல்றது பார்க் பக்கத்துல. நான் சின்னப் பசங்களுக்கு சாக்கர் கோச்சிங் குடுக்கிறவன், சனிக்கிழமை காலையில பார்க்கிங் கிடைக்கிறதே பெரும்பாடு. சந்தைக்கும் அதே சனிக்கிழமை காலைதான் உச்சம். மூணு நாள் திறக்கும்னு சொல்றீங்க, நான் திருப்பிக் கேக்கிறேன், மீதி நாலு நாள்? ஞாயித்துக்கிழமை எப்பவுமே பூட்டு, அது அவங்க ஓய்வு நாள், தப்பு சொல்லல. ஆனா எல்லாருக்கும் லீவு இருக்கிற ஒரு நாள்ல, எல்லாரோட நிலத்துல இருக்கிற கட்டடத்துக்கு பூட்டு தொங்கும். தனியார் பிளாசான்னா அது அவன் பாடு. பொது நிலம்னா நான் கேக்கத்தான் செய்வேன்.

இன்னொண்ணு. ஃபார்மர்ஸ் மார்க்கெட்னு போர்டு, உள்ள போனா அன்னாசிப்பழமும் வாழைப்பழமும். லான்காஸ்டர்ல எந்த வயல்ல அன்னாசி காய்க்குது? மொத்த விலைக்கு வாங்கிட்டு வந்து அடுக்கி வெச்சிட்டு, பக்கத்துல குதிரைவண்டி படம் ஒட்டிட்டா நாம பண்ணையிலேர்ந்து நேரா வந்துச்சுன்னு நம்பி ரெண்டு டாலர் கூடக் குடுக்கிறோம். 'ஆமிஷ்'ங்கற வார்த்தைக்கு ஆர்கானிக் மாதிரி முத்திரையா குத்தியிருக்கு? யாரு வேணா போர்டுல எழுதிக்கலாம்.

---

மேப்பிள்மரத்தடி:

@சனிக்கிழமை_கோச் கோபமே இல்ல சார், நாலு நாள் பூட்டுங்கறது எனக்குத் தோணவே இல்ல. எங்க பார்க்குலயும் சனிக்கிழமை சாக்கர் இருக்கு. புகை பத்தி மீட்டிங்ல ஒருத்தரும் வாயே திறக்கல.

---

லான்காஸ்டர்_பக்கம்:

கோச் சொன்ன கடைசி பாயின்ட் நூத்துக்கு நூறு உண்மை. இங்கயே ஆமிஷ் பேர் போட்ட எத்தனையோ கடையில ஒரு ஆமிஷ் ஆள் கூட கிடையாது, சிலது மென்னோனைட் (ஆமிஷுக்கு நெருக்கமான இன்னொரு கிறிஸ்தவக் குழு) குடும்பங்க நடத்துறது, சிலது ரெண்டும் இல்ல. ஆமிஷ் காய்னாலே மருந்து அடிக்காததுன்னு நினைக்கிறதும் தப்பு, என் பக்கத்து வயல்ல குதிரையைக் கட்டித்தான் ஓட்டுறார், அதுல பின்னாடி இழுத்துட்டுப் போறது மருந்து ஸ்பிரேயர். போர்டுல 'பென்சில்வேனியா டச்சு'னு போட்டிருக்கிறதும் ஹாலந்து இல்ல, அவங்க பேசுற ஜெர்மன் வகைக்கு டைச்சுனு பேரு, அந்தக் காலத்து இங்கிலீஷ்ல ஜெர்மன்காரங்களையும் டச்சுன்னுதான் சொல்வாங்க. பேர்ல பாதி ஏமாறுறோம் நாம.

---

பிளானிங்_போர்டு_அக்கா:

தம்பி, நான் வேற ஒரு டவுன்ஷிப்ல பிளானிங் போர்டுல சம்பளம் இல்லாத வேலையா நாலு வருஷம் உட்கார்ந்து எழுந்திருக்கேன். உங்க மீட்டிங்ல பேசினது முக்கால்வாசி 'அவங்க எப்படிப்பட்டவங்க'ன்னுதான் இருந்திருக்கு. கவுன்சில் ஓட்டு போடப்போறது அதுக்கு இல்ல. லீஸ் பேப்பர்ல என்ன இருக்குங்கறதுக்கு. அதை ஒருத்தராவது படிச்சாங்களா?

முதல் வேலை, அந்த இடம் கிரீன் ஏக்கர்ஸ் கணக்குல இருக்கான்னு பாருங்க. 1961லேர்ந்து மாநிலம் பார்க்குக்கு பணம் குடுத்துட்டு வர்ற திட்டம் அது. பணம் வாங்கின டவுன்ஷிப் தன்னோட பார்க், திறந்தவெளி எல்லாத்தையும் ஒரு பட்டியல்ல குடுக்கணும், ரோசின்னு சொல்வாங்க. அந்தப் பட்டியல்ல இருக்கிற நிலத்தை வேற வேலைக்கு மாத்தணும்னா மாநில அனுமதி வேணும், பதிலுக்கு வேற நிலமோ ஈடோ குடுக்கணும், லேசுல முடியாது. ஃபெடரல் (மத்திய அரசு) நிதி வாங்கின பார்க்கா இருந்தா அதுக்கு மேல இன்னொரு கட்டு, அது நேஷனல் பார்க் சர்வீஸ் வரைக்கும் போகும். ஷெட் மட்டும் பட்டியலுக்கு வெளிய இருக்கலாம், பார்க்கிங் உள்ள இருக்கலாம், அங்கதான் மாட்டிக்குவாங்க.

ரெண்டாவது, டவுன்ஷிப் தனக்குத் தேவையில்லாத இடத்தை தனியார் வியாபாரத்துக்கு லீசுக்கு விடணும்னா பொதுவா ஏலம் விடணும், அறிவிப்பு குடுக்கணும், கூடுதலா கேட்டவருக்குக் குடுக்கணும். 'ஆமிஷ்காரங்களுக்கு மட்டும்'னு எழுதவே முடியாது, மதத்தைப் பார்த்து குடுக்கிறது அரசியல் சட்டத்துக்கு ஒத்து வராது. மதத்தைப் பார்த்து மறுக்கிறதும் அதே அளவுக்கு தப்பு. மதக்குழுவுக்கு நிலமான்னு கேட்டவருக்கு பதில் இதுதான், பிரெட்சல் விக்கிறவர் சர்ச் நடத்தல, கடை நடத்துறார். பேக்கரி அம்மாவும் ஏலத்துல கேக்கலாம், இல்ல உள்ள ஒரு ஸ்டாண்டாவது கேக்கலாம்.

நிபந்தனை போடலாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி போடணும், அவ்ளோதான். சொந்தமா விளைஞ்சது, தானே செஞ்சது மட்டும்தான் விக்கணும்னு போட்டா கோச்சோட அன்னாசி வெளியே போயிடும். புகைக்கு ஹூட் போடணும், சனிக்கிழமை காலையில இத்தனை பார்க்கிங் சாக்கருக்குன்னு ஒதுக்கணும், சந்தை இல்லாத நாள்ல மத்தவங்க உபயோகிக்க விடணும், இதெல்லாம் எழுத வேண்டியது. பிலடெல்பியா ரீடிங் டெர்மினல் மார்க்கெட்டைப் பாருங்க, 1893ல திறந்தது, கட்டடம் இப்போ ஒரு அரசு அமைப்போட கையில இருக்கு, நடத்துறது லாபநோக்கில்லாத ஒரு கார்ப்பரேஷன். ஞாயித்துக்கிழமை பென்சில்வேனியா டச்சு ஸ்டாண்டெல்லாம் துணி போட்டு மூடியிருக்கும், சுத்தி மத்த கடையெல்லாம் ஜேஜேன்னு நடக்கும். ஒருத்தருக்கும் கோபமில்ல.

மூணாவது ஹெல்த் டிபார்ட்மென்ட். வீட்டுல செஞ்ச பலகாரம் விக்க நியூ ஜெர்சி 2021லதான் வழி விட்டுச்சு, நாட்டுலயே கடைசி மாநிலம், அதுவும் இந்த மாநிலத்துக்காரங்க பர்மிட் வாங்கி செய்யறதுக்கு. லான்காஸ்டர் வீட்டு அடுப்புல சுட்ட 'பை'ங்கற பலகாரத்தை இங்க கொண்டாந்து அந்த வழியில விக்க முடியாது, லைசென்ஸ் வாங்கின கிச்சன் வேணும். காய்ச்சாத பாலும் அதே மாதிரி, பென்சில்வேனியாவுல பர்மிட் இருந்தா விக்கலாம், ஆனா குடிக்கிறதுக்குன்னு மாநில எல்லையைத் தாண்டி விக்கிறதை 1987லயே ஃபெடரல்ல தடுத்துட்டாங்க, நியூ ஜெர்சியிலயும் கூடாது. யாராவது கவுன்ட்டருக்கு அடியிலேர்ந்து எடுத்துக் குடுத்தா டவுன்ஷிப் பேரும் சேர்ந்து நாறும்.

---

மிளகாய்ப்பொடி:

அக்கா ஒரு சந்தேகம், அங்க பதினாலு வயசுப் பொண்ணுங்க கல்லாவுல நிக்குதுங்களே, வியாழக்கிழமை ஸ்கூல் நாள் இல்லையா, இதை யாருமே கேக்கமாட்டீங்களா? எனக்கு அந்தப் பை வாங்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும்.

---

பிளானிங்_போர்டு_அக்கா:

கேக்க வேண்டிய கேள்விதான்மா. எட்டாவதோட பள்ளிக்கூடத்தை நிறுத்துறதுக்கு அவங்களுக்கு 1972ல சுப்ரீம் கோர்ட் அனுமதி குடுத்திடுச்சு, விஸ்கான்சின் கேஸ். அதனால பதினாலு வயசுல அவங்களுக்கு வழக்கமான ஸ்கூல் நாள் கிடையாது. பெத்தவங்களோட சொந்தக் கடையில, ஆபத்தில்லாத வேலைன்னா ஃபெடரல் சட்டம் தடுக்கல. அடுத்த வீட்டுப் பிள்ளையை சம்பளத்துக்கு வெச்சா மணி நேரக் கட்டுப்பாடு எல்லாம் இருக்கு. சட்டம் அவ்ளோதான். உனக்கு ஒரு மாதிரி இருக்குறதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, எனக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனா என் பையன் பதினாலு வயசுல தட்டை சிங்க்ல கூட வைக்கமாட்டான், அதையும் சொல்லிடுறேன்.

---

பழையசோறு:

சட்டமெல்லாம் பேசி முடிச்சாச்சா, வேலைக்கு ஆகிற விஷயம் சொல்றேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல போனா சிக்கன் காலி, சில ஸ்டாண்டுல கார்டு எடுக்கமாட்டாங்க கேஷ் வெச்சுக்கோங்க, சௌசௌன்னு (நம்ம சௌசௌ காய் இல்ல, காய்கறிக் கலவை) ஒரு ஜாடி இருக்கும் நம்ம ஊறுகாய் நினைப்புல வாங்காதீங்க இனிக்கும். ஷூஃப்ளை பை (பாகு வெச்சு சுட்ட இனிப்பு) ஒரு துண்டு போதும், முழுசா வாங்கினா நாலு நாள் நீங்களேதான் சாப்பிடணும். மூஞ்சிக்கு நேரா ஃபோன் நீட்டி போட்டோ எடுக்காதீங்க, அவங்க நம்பிக்கைக்கு ஆகாது, எங்க மாமா ஒரு தடவ எடுத்துட்டு அந்தப் பெரியவர் ஒண்ணும் சொல்லாம முகத்தைத் திருப்பிக்கிட்டார், எனக்கு இன்னைக்கும் கூச்சமா இருக்கு.

---

மேப்பிள்மரத்தடி:

பத்து நாள் கழிச்சு வர்றேன், ரொம்ப பேர் இன்பாக்ஸ்ல கேட்டிருந்தீங்க. அக்கா லீஸைப் படிச்சாங்களான்னு கேட்டாங்கல்ல, அதுக்காக ஓப்ரா ஃபார்ம் (அரசு ஆவணத்தைக் கேட்டு வாங்குற மனு) போட்டேன், கிளர்க் ஆபீஸ்ல ஏழு வேலை நாளுக்குள்ள டிராஃப்ட் லீசை அனுப்பிட்டாங்க, இவ்ளோ சுலபம்னு தெரியாம போச்சு. ரோசி பட்டியலும் பார்த்தேன். ஷெட் பட்டியல்ல இல்ல. பார்க்கிங்ல பின்பக்க பாதி பட்டியல்ல இருக்கு! அதை கவுன்சில்ல ஒருத்தர்கிட்ட சொன்னேன், அவருக்கே தெரியல, வக்கீலைக் கேக்கிறேன்னார்.

லீசுல ஆமிஷ்ங்கற வார்த்தையே ஒரு இடத்துலயும் இல்ல. எடுக்கிறது ஒரு கம்பெனி, அது ஸ்டாண்ட் ஸ்டாண்டா உள்வாடகைக்கு விடும். சொத்து வரி யாரு கட்டுறதுன்னு ஒரு வரி கூட இல்ல, புகை இல்ல, மத்த நாலு நாளைப் பத்தி இல்ல, யாரு விளைவிச்சதுங்கறதும் இல்ல. 'சம்பந்தப்பட்ட உணவு வியாபாரம்'னு மட்டும் போட்டிருக்கு, நாளைக்கு அவங்க வராம போனா அந்த இடத்துல பர்கர் செயின் வந்து உட்காரலாம் போல.

நேத்து பேக்கரிக்குப் போய் அந்த அம்மாகிட்ட பிரின்ட் எடுத்துக் குடுத்தேன். கண்ணாடி போட்டு ரெண்டு தடவ படிச்சாங்க. "நான் இவ்ளோ நாளா தப்பான ஆள் மேல கோவப்பட்டுட்டு இருந்திருக்கேன் போல"ன்னாங்க, ஆனா சந்தைக்கு எதிர்ப்புதான்னு அதே மூச்சுல சொன்னாங்க, ஏலம் வந்தா ஸ்டாண்டும் கேப்பேன்னாங்க. காபிக்கு காசு வாங்கல.

---

சனிக்கிழமை_கோச்:

பின்பக்க பார்க்கிங்கை விட்டுடாதீங்க, அதுதான் சாக்கருக்கு. மீட்டிங் எந்த தேதி? பக்கத்து ஊர்தான்னா நானும் வர்றேன், புகை பத்தி பேச மூணு நிமிஷம் போதும் எனக்கு.